இஞ்சினுக்குப் பாடு போட்டோம்

எனக்குப் படகு ஆகாது. பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே தலை சுற்றும், குடல் வாய்க்கு வந்துவிடும். நைனா என்னைப் படகில் ஏற்றிப் பழக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கைகழுவி விட்டார். மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்று கேலி பேசுவார்கள். நீச்சல் எனக்கு நன்றாகவே வரும். மிதக்கிற பொருளின் மேல் உட்காரத்தான் வராது.

அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில், என் மனைவியின் அண்ணனும் நானும் கூட்டாக ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுப் பலகை அடித்தோம். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்திலிருந்து படகில் வரும் இறாலை ஏரிக்கரையில் வாங்கி, ஐஸ் போட்ட பெட்டிகளோடு பொன்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அங்கே ஏற்றுமதிக் கம்பெனியின் வேன் நிற்கும். நமக்காகக் காத்திருக்காது. ஐஸ் கரைந்து இறாலின் தலை கறுத்துப்போனால் வாங்கவும் மாட்டார்கள்.

தார் ரோட்டுக்குப் போனால் கார் எப்படியோ உருண்டுவிடும். ஏரிக்கரையிலிருந்து தார் ரோடு வரைக்கும் இருந்த மணல் ஏற்றம்தான் எமன். பாரத்தோடு அதில் ஏறும்போது கார் முக்கும், முனகும், நின்றுவிடும். மச்சானும் கரையில் நிற்கிறவர்களும் சேர்ந்து தள்ளுவார்கள். தள்ளுகிறவர்கள் சொல்கிற கேலி ஒவ்வொன்றும் கண்ணாடி வழியாக எனக்குக் கேட்கும்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. ஏரியில் இறால் கொட்டப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பசியாவரத்துக்காரர்கள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள்: "உன் வண்டி தாங்கலன்னா சொல்லிடு. டெம்போக்காரன் வர்றேன்றான்." டெம்போக்காரன் வந்தால் காருக்கு வேலை இல்லை. காருக்கு வேலை இல்லையென்றால் நான் படகில் ஏற வேண்டும்.

ஆகவே இஞ்சினுக்குப் பலம் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். எப்படி என்பதில்தான் என் புத்தி மாட்டிக்கொண்டது.

எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பழவேற்காட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். இஞ்சினைத் திறந்து பார்த்து, விரலை உள்ளே விட்டுத் தடவிவிட்டுச் சொன்னார்: "ஏற்கெனவே ரெண்டு தபா உள்ள கொடைஞ்சு போர் அடிச்ச பிளாக்கு தம்பி. இன்னும் ஒரு தபா தாங்கும். அடிச்சிட்டு பெரிய பிஸ்டனா போடலாம். ஹெட்டையும் கொஞ்சம் சீவிட்டா உள்ள நெருக்கம் ஏறும், இழுப்பு வரும்."

"அப்ப செஞ்சிடலாமா பாய்?"

"செய்யலாம். ஆனா சூடு ஏறும். பெட்ரோலு சுமாரா இருந்தா இஞ்சின் தட்டும். கணக்கு தப்புனா பிளாக்கு கோவிந்தா."

"அப்ப வேணாமா?"

"வேணாம்னு நான் சொன்னனா?"

இதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது. வீட்டுக்கு வந்தால் மச்சான் வேறு ஒரு யோசனையோடு உட்கார்ந்திருந்தார். காட்டூரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டெம்போ குடைசாய்ந்து கிடக்கிறதாம். வண்டிதான் போயிற்று, அதன் டீசல் இஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறதாம்.

"பெட்ரோலுன்றது ஆடு மாப்ள. டீசலுதான் மாடு. பாரம் இழுக்க ஆட்டையா கட்டுவான்?"

எனக்கு அது சரியாகப் பட்டது. மறுநாள் பாயிடம் சொன்னேன். மாட்டை ஆட்டுப் பட்டியில் கட்டினால் பட்டி நிற்குமா என்று கேட்டார். அதுவும் சரியாகப் பட்டது. அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சரியாகப் பட்டதுதான் தொல்லை. டீக்கடையில் ஒருவன் இரண்டு கார்புரேட்டர் வைக்கச் சொன்னான். இன்னொருவன் பின் அச்சில் இருக்கிற பல்சக்கரத்தை மாற்றினாலே போதும், இஞ்சினைத் தொடவே வேண்டாம் என்றான். காலையில் பிஸ்டன், மத்தியானம் டீசல், சாயங்காலம் பல்சக்கரம் என்று மதில்மேல் பூனையாக இருந்தேன்.

என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்று. "பாரத்தைக் கொறச்சிக்கினு ரெண்டு நடை போயேன் மாமா." எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இரண்டாம் நடை போய்ச் சேர்வதற்குள் வேன் போய்விடும் என்றேன். "அப்ப வேன்காரன்ட்ட பேசு" என்றாள். வேன்காரனிடம் பேசலாம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறிய பிறகும் நான் பேசவில்லை. கம்பெனிக்காரன் நமக்காக நிற்பானா என்று எல்லோரும் கேட்டார்கள், அதுவும் எனக்குச் சரியாகப் பட்டது.

கடைசியில் மச்சான்தான் வழி சொன்னார். "எதுக்கு மாப்ள இப்டி கொழம்பற? பாடு போட்டுடலாம்."

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுப் போட்டுத்தான் முறை வைப்பார்கள். பாடு என்று அதற்குப் பெயர். கல்யாணம் ஆன ஆண்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கும் உண்டு; என் முறைக்கும் சேர்த்து மச்சான்தான் வலை கட்டிக்கொண்டிருந்தார். நல்ல இடம் வந்தாலும் உதவாத இடம் வந்தாலும், சீட்டில் வந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் வெட்டுப்பழி இல்லாமல் எங்கள் ஊர் பிழைத்து வந்தது அதனால்தான். ஏரிக்கே சரியாக இருக்கிற வழி ஒரு இஞ்சினுக்குச் சரியாக இருக்காதா என்று நினைத்தேன். நினைத்தபோது மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா!

எங்கள் வாசலில் ஒரு சொம்பை வைத்தோம். போர் அடிப்பதற்கு ஒரு நட்டு, டீசலுக்கு வலையில் கட்டுகிற ஒரு மிதவைத் துண்டு. மனைவியையும் ஏதாவது ஒன்று போடச் சொன்னேன். அவள் போடவில்லை.

"வலைன்னா நாளைக்கு எடம் மாறும். இன்னிக்கு நஷ்டப்பட்டவனுக்கு நாளைக்கு நல்ல எடம் வரும். இதுல நாளைக்கு இன்னா மாறும்?" என்று கேட்டாள்.

மச்சான் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

எங்கள் ஊரைச் சேராதவர் எடுத்தால்தான் நியாயம் என்று பாயையே எடுக்கச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். எடுத்த மிதவையைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டூருக்குக் கிளம்பினார். பழைய இஞ்சினை, அதே மாதிரி கார் வைத்திருந்த ஒரு ஆள் எடுத்துக்கொண்டு போனார்.

டீசல் இஞ்சினை உள்ளே உட்கார வைக்கப் பாய் பட்ட பாடு கொஞ்சமில்லை. இங்கே வெட்டினார், அங்கே ஒட்டவைத்தார், பாரம் தாங்கும் முன்பக்க வில்பட்டைகளில் ஒன்றைக் கூட்டினார். கிளப்பியபோது சத்தம் கேட்டு ஊரே வந்தது. கார் மொத்தமும் குளிர் ஜுரம் வந்தவன் போல நடுங்கியது. ஆனால் முழுப் பாரத்தோடு அந்த மணல் ஏற்றத்தில் ஒரு கையும் படாமல் ஏறியதே, அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல! தார் ரோட்டில் நிறுத்தி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். தள்ள வந்தவர்கள் கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். இனி என்னை யாரும் படகுக்குக் கூப்பிட முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த சில வாரங்களில் காரின் மூக்கு தாழ்ந்துகொண்டே வந்தது. கனமான இஞ்சின். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டியிருந்தது. முன் சக்கரம் மணலை உழுதது. மச்சான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி அமுங்குதுன்னா பின்னால பாரம் வைக்கணும் மாப்ள, இது தெரியாதா?" என்றார். படகுக்கு அதுதான் வழக்கம். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஈர மணலைச் சாக்கில் கட்டிப் பின்னால் அடுக்கினோம். மூக்கு கொஞ்சம் தூக்கியது. பிறகு மறுபடி அமுங்கியது. இன்னும் ஒரு சாக்கு வைத்தோம். சாக்கு ஏற ஏற இறால் பெட்டி குறைந்தது. ஒருநாள் இறாலை விட மணலைத்தான் அதிகமாகப் பொன்னேரிக்கு ஏற்றிப் போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பலம் வேண்டும் என்றுதானே தொடங்கினோம், இது எங்கே வந்து நிற்கிறது என்று யோசித்தேன்.

ஒரு விடியற்காலையில் பொன்னேரிக்குப் பாதி வழியில், முன்னாலும் பின்னாலும் ஏறிய பாரத்தில் காரின் அடித்தகடு கிழிந்தது. இஞ்சினைத் தாங்கியிருந்த இடம் அப்படியே வாய் பிளந்து, முன்பக்கம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. இஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன். வேறு வண்டி கிடைப்பதற்குள் இறால் கறுத்துவிட்டது. மறுநாளே பசியாவரத்துக்காரர்கள் டெம்போவுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டில் வந்ததை யாரும் பேசக் கூடாது அல்லவா. மனைவியும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அடுத்த முறை நல்லது வரும் என்று வழக்கம்போல மனசு தானாக ஆறுதல் தேடியது. அப்புறம்தான் பாடு போட்ட அன்றைக்கு அவள் கேட்டது உறைத்தது. இதில் அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

மச்சான் கிழிந்த காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, இஞ்சினைத் தட்டிக் கொடுத்தார். "இதுக்கு ஒண்ணும் ஆவல மாப்ள" என்றார். பக்கத்துக் குப்பங்களில் கடல் படகுக்கு இஞ்சின் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பாயும் அவரும் சேர்ந்து அதை மச்சானின் படகில் இறக்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. அது எப்போது கிளம்பும், எப்போது முரண்டு பிடிக்கும், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று குப்பத்தில் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் பார்க்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முதல் நாள் அலையைத் தாண்டியதுமே எனக்கு வந்துவிட்டது. ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை இஞ்சின் மேல் இருக்க, தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். இஞ்சின் ஒரு அடி தவறவில்லை. "இன்னா இழுப்பு பாத்தியா மாப்ள!" என்று மச்சான் முன்னாலிருந்து சந்தோஷமாகக் கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன்; கரை அதற்குள் மறைந்துகொண்டிருந்தது. துடுப்புப் போட்டிருந்தால் கரை இன்னும் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.