பூநாரை என்று நினைத்து

எனக்குப் பறவை பார்ப்பதில் ஆசை. ஆனால் மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில், சட்டைப்பையில் அடங்குகிறதே என்று ஒரு குட்டி பைனாகுலரை வாங்கிவிட்டேன். மறு ஞாயிறே மனைவியுடன் திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஏரிக்குப் போனேன்.

மூக்குக்கண்ணாடியோடு பைனாகுலரில் பார்த்தால் நடுவில் ஒரு துளிதான் தெரிந்தது. கழற்றிவிட்டுப் பார்த்தேன். எதிர்க்கரையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஏதோ கலங்கலாக அசைந்தது. "பூநாரை!" என்று கத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் ஈரப்புடவையோடு ஒரு பெண் கரையைச் சுற்றி வேகமாக வந்தார். "இன்னாய்யா, பொம்பளைங்க குளிக்கிறத பைனாகுலர் வச்சிப் பாத்துக்கினு இருக்கிற?"

மனைவிதான் என் மூக்குக்கண்ணாடியை அவரிடம் நீட்டினாள். "இது இல்லாம அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டவருக்குத் தலை சுற்றியது. "அப்ப எதுக்குய்யா இத்த கழட்டின?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்காக மனைவி முன்பின் தெரியாதவரிடம் சமாதானம் சொல்ல வேண்டி வந்ததே! பஸ் எங்கள் ஊர் விழுப்புரம் வந்து சேரும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது வைத்திருப்பது வேறு பைனாகுலர். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் விளிம்பை மடக்கி, மூக்குக்கண்ணாடியோடு கடைவாசலில் நின்று பார்த்து, முழு வட்டமும் தெரிந்த பிறகே வாங்கினேன். ஏரிக்குப் போனால், அதை எடுப்பதற்கு முன் எதிர்க்கரையில் யார் இருக்கிறார்கள் என்று மனைவியிடம் கேட்டுக்கொள்கிறேன்.