அப்பாவின் காலைப் பெரட்டு

எங்கள் அப்பா பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்து, பால்வாளி சுமந்து வளர்ந்தவர், அதே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக உயர்ந்தார். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைப்பார். அவருக்கு ஏடு வேண்டாம், அறுபது பெயரும் மனப்பாடம்.

அம்மா காலமானபின் அப்பாவை ரவாங்கில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். "ஒழைச்சது போதும்பா, சும்மா உக்காருங்க" என்று அவர் கையிலிருந்த விளக்குமாற்றைக்கூடப் பிடுங்கினேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். சில மாதங்களில் அப்பா பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைத் தள்ளினார். விடியுமுன் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பார். எங்காவது போய்விடுவாரோ என்று பயந்து கேட்டைப் பூட்டினேன். வயதாகிவிட்டது என்றோம், கண்ணேறு என்று கயிறும் கட்டினோம். என் புத்தி அவ்வளவுதான்.

கடைசியில் அழைத்துப் போனபோது, கிளினிக் டாக்டரம்மா மனச்சோர்வு என்றார். மருந்து எழுதிவிட்டு அப்பாவிடமே கேட்டார்: "காலையில எங்கய்யா போகப் பாக்குறீங்க?"

"எங்கயும் இல்லம்மா. அது பெரட்டு நேரம்லா. கூப்பிடத்தான் ஆளு இல்ல."

காரில் உட்கார்ந்து அழுதேன். பிறகு, லயம் உடைபட்டபின் திசைக்கொருவராகப் போன அவருடைய ஆட்களின் எண்களைத் தேடி, ஒரு கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் முதல் விடியலில் எங்கள் வாசலில் பெரட்டு நடந்தது. ஒவ்வொருவராக அழைத்து, "சாப்ட்டியா? தூங்குனியா?" என்று அதட்டுவார்.

அந்த ஆட்களில் ஒருவரான, ராசா என்ற ஊரில் தனியாக இருந்த மாரியாயி அக்காவின் குரல் மங்கியதை அவர்தான் கண்டுபிடித்தார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு மாரியாயி. மருந்து சாப்புடுறேன், இதுல என்னா வெக்கம்? கெளம்பு, கிளினிக்குக்கு நானும் வர்றேன்" என்றார். வெளியே தெரிந்தால் கேவலம் என்று நாம் மூடி மறைக்கும் நோயை, ஒரு தோட்டத்தையே அதட்டிய மண்டோர் வாய்விட்டுச் சொன்னார். அவர் மகளாக எனக்கு அதைவிடப் பெரிய பெருமை இல்லை.

உறக்கத்திலேயே அப்பா மறைந்த அன்று, விடியலில் கைப்பேசி ஒலித்தது.

"மண்டோரு இன்னும் கூப்புடலியேம்மா?" மாரியாயி அக்கா.

சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு, "நாளையிலருந்து நீ கூப்புடும்மா. பெரட்டு நிக்கக் கூடாது" என்றார்.

அப்பா மறைந்த இந்த ஓராண்டாக நான் அழைக்கிறேன், பெரட்டு நிற்கவில்லை. அப்பாவைத் தேற்றிய டாக்டரம்மாவுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும், தினமும் பதில் சொன்ன தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட பெரியவர் யாரேனும் இருந்தால், அவர் எண்ணைத் தாருங்கள். நாளை காலை அழைக்கிறேன்.