மேல போயிடும்

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் அவள் அந்த நேர்காணலுக்குப் போனாள். மெத்தைக் கடையில் வருஷக்கணக்காக நின்று கால் வீங்கிப் போயிருந்தது. கிரிப்டோ நாணயத்தைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"தெரிஞ்சவங்க நிறைய பேர் வந்தாங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறாங்க. நீங்க எதிராளி பேசுறத காது கொடுத்துக் கேக்குறீங்க" என்றார் விற்பனை மேலாளர். வேலை கிடைத்துவிட்டது.

அந்த நிறுவனம் நாணயம் விற்கவில்லை. கடைகளுக்கு ஒரு மென்பொருள் விற்றது. பொருள் வாங்க வருபவர் கிரிப்டோவில் பணம் கட்டினால், அதை அப்போதே சாதாரணப் பணமாக்கிக் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் சேர்த்துவிடும். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடைகளைக் கூப்பிடுவாள். பாதிப் பேர் "இதெல்லாம் மோசடிதானே?" என்று வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் "எந்த காயின் ஏறும், சொல்லுங்க" என்று பிடித்துக்கொள்வார்கள். "மெத்தை வித்தப்ப, இதுல படுத்தா என்ன கனவு வரும்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்று கணவனிடம் அலுத்துக்கொள்வாள்.

வினை தங்கை வீட்டில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது கூட வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். பால்கனிக்குப் போய்ப் பேசினாள். "ஆமா, அடுத்த வாரம் கண்டிப்பா மேல போயிடும். மேனேஜரே சொல்லிட்டாரு. இப்ப யார்கிட்டயும் மூச்சு விடாத."

மேலே போகவிருந்தது அலுவலகம். இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு. ஆனால் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த தங்கை கணவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பழைய காரை மாற்ற வைத்திருந்த பணத்தில் மறுநாளே காயின் வாங்கிவிட்டார். அதுவும் சொல்லி வைத்தாற்போல் ஏறிவிட்டது.

பெரிய கேக்கோடு வந்து நின்றார்.

"எதுக்கு தம்பி இது?"

"நமக்குள்ள என்ன அண்ணி ஒளிவு மறைவு? அடுத்தது எப்போ?"

விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தாள். பிறகு விளக்கிப் பார்த்தாள். அலுவலகம் மாறியதைத்தான் சொன்னேன் என்றால் அவர் நம்பினால்தானே? "அதான் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னீங்களே" என்று கண்ணடித்தார். அதற்குள் அவருடைய அக்கா, சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று ஆளாளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஒரு மதிய இடைவேளையில் அவரை ஐந்தாம் மாடிக்கே கூட்டிப்போனாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள், கட்டு அவிழ்க்காத பெட்டிகள். மேசைக்கு அடியில் ஒருவர் படுத்தபடி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"இதான் தம்பி மேல போச்சு."

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அப்ப என் காயின்?"

"அது அதுபாட்டுக்கு ஏறியிருக்கு. நாளைக்கே விழுந்தாலும் எனக்குத் தெரியாது."

முகம் தொங்கிப் போனவர் அன்றே எல்லாவற்றையும் விற்றார். நஷ்டமில்லை, லாபம்தான். ஆனால் அடுத்த வாரம் விலை தாறுமாறாக எகிறியது. அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தங்கை கூப்பிட்டாள். "உனக்கு ஏன்க்கா இந்த வேலை?"

"பின்ன, பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் சொல்ல வேணாம். சும்மா இருந்திருக்கலாம்ல."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. விலை விழுந்திருந்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து, வெளியூர்க் கடைகளுக்கு நேரில் போக வேண்டும், கார் ஓட்டத் தெரிந்தால் நல்லது என்றார் மேலாளர். ஊரில் வேறு பள்ளிகளும் இருந்தன. அவள் தங்கை கணவரிடமே போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குக் காலையில வாங்க" என்றார், அவ்வளவுதான்.

காருக்குள் கிளட்ச், கியர், பிரேக் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் மேட்டுச் சாலை சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்தித் தள்ளினார்கள். அவள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"பதறாதீங்க அண்ணி. கத்துறவன் கத்தட்டும். மெதுவா கிளட்ச்ச விடுங்க."

மேடு ஏறியதும் அவரே கேட்டார். "உங்க வேலையிலயும் இப்படித்தான் கத்துவாங்களா?"

"இதுவாவது ஹாரன் தம்பி. அங்க வாயைத் தொறந்தா காது கூசும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டாம் முறை தேர்வில் தேறினாள். இப்போது அலுவலகத்தின் சின்னக் காரில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வருகிறாள். அவர் மறுபடி கொஞ்சம் காயின் வாங்கியிருப்பதாகத் தங்கை சொன்னாள். ஏறியதா இறங்கியதா என்று இவள் கேட்கவில்லை.