உச்சிக்கு முன் ஒரு வெள்ளிக் கிண்ணம்

தொண்ணூறுகளில் ஒரு ஏப்ரல் ஞாயிறு, ஸ்காபரோ பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பர்மிய அம்மா இருந்தார். குளிர்கோட்டுக்குக் கீழே லுங்கி தெரிந்தது. மடியில் மூடியிட்ட பழைய வெள்ளிக் கிண்ணம். அதைச் சுற்றிலும் புத்தரின் முற்பிறப்புக் கதைகள் புடைத்து நின்றன. அதிலிருந்த யானையைக் கோட்டுக் கையால் துடைத்தபடியே இருந்தார். ரங்கூனில் தமிழர் தெருவில் வளர்ந்தவராம், தமிழிலேயே பேசினார்.

"இதுல நாங்க சாப்பிடறதில்ல. பிக்குவுக்குச் சோறு கொண்டுபோக மட்டும்தான். பதினொண்ணுக்குள்ள போயிடலாம்ல?"

"பன்னிரண்டாகப் போகுது அம்மா. கோடைகாலத்துக்கெண்டு இந்த நாட்டில ராத்திரி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சிட்டினம்."

துடைத்த கை நின்றது. "உச்சி தாண்டினா அவர் ஒரு பருக்கை தொடமாட்டாரே. விடியுமுன்ன எழுந்து சமைச்சேன்."

"மணிக்கூட்டைத்தானே அம்மா மாத்தினவை. சூரியன் இன்னும் உச்சிக்கு வரேல்லை."

அவர் குனிந்து யன்னலால் வானத்தைப் பார்த்தார். "புத்தர் வாட்ச் கட்டலதான்" என்று மெல்லச் சிரித்தார்.

இறங்கியதும் கிண்ணத்தை நெற்றிவரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஓடாமல் நடந்தார். அந்தப் பிக்கு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாரா, வெயிலைப் பார்த்தாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.