முதலில் ஆடுகள், பிறகு டிரைவர்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொசு என்று பெயர். வசையாக வைத்ததல்ல, மெச்சி வைத்தது. ஊசி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. டியூபில் மட்டும் ரத்தம் நிறைந்திருக்கும். ஊரில் பாதிப் பேரின் நரம்பு அவளுக்கு அத்துப்படி. தெருவையே மிரட்டிய ரவுடிகூட, “கையை இறுக்கி மூடுங்க” என்று அவள் சொன்னால் சமர்த்தாக மூடிக்கொள்வான். ஒரே ஒரு ஆள்தான் அவளிடம் சிக்காமல் தப்பித்துக்கொண்டே இருந்தார். அது அவள் வீட்டுக்காரர்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளாக டிரைவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். தூக்கத்தில் பாதியைக் கழிவறைக்கு நடந்தே தீர்த்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கொசுவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

“சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாங்க.”

“எனக்கா? இரும்பு மாதிரி இருக்கேன்.”

“இரும்புதான் துருப்பிடிக்கும்.”

டிரைவர் கொல்லையில் கட்டியிருந்த ஆடுகளைக் காட்டினார். “முதல்ல உன் ஆடுங்க குடுக்கட்டும். அப்புறம் நான் குடுக்கறேன்.”

ஆடாவது ரத்தம் கொடுப்பதாவது என்கிற தைரியம்.

சொல்லி ஒரு வாரம் ஆகியிருக்காது, சீமாட்டியின் முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று ஆடுகளில் அவள்தான் டிரைவரின் செல்லம். ஆட்டு டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். அடிபட்டதாகவும் இருக்கலாம், ஆடுகளுக்கு வரும் மூட்டு நோயாகவும் இருக்கலாம். நோய் என்றால் பால் வழியே குட்டிக்கும் போகும், மருந்து கிடையாது. மூன்றின் ரத்தத்தையும் சோதித்துவிடுவது நல்லது என்றார். “எங்க ஆபீஸ்ல ஆள் இல்லம்மா. உங்க கையே கை. வீட்லயே எடுத்து அனுப்பிடுங்க” என்று ஊசியும் டியூபும் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

ஆட்டுக்குக் கழுத்து நரம்பில்தான் எடுக்க வேண்டும். சுவர் மூலையில் ஆட்டை ஒண்டவைத்து, இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிப்பது டிரைவரின் வேலை. ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொசு கழுத்து முடியைக் கத்தரித்து, ஸ்பிரிட் தடவி, அடிக்கழுத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். நரம்பு கயிறு மாதிரி புடைத்தது.

“சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று வேலைப் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

ஆடு வாயில் இருந்த தழையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தது.

முதல் ஆடு ஸ்பிரிட் பாட்டிலை உதைத்தது. இரண்டாவது, டிரைவரின் சட்டைப் பொத்தானைத் தின்றது. சீமாட்டி மட்டும் போட்டோவுக்கு நிற்பவள்போல நின்று கொடுத்தாள்.

“மூணும் குடுத்தாச்சு. இப்ப நீங்க உக்காருங்க.”

டிரைவர் வாசல் கதவைப் பார்த்தார். வழியை அடைத்துக்கொண்டு சீமாட்டி நின்றாள்.

“ஆடே குடுத்துடுச்சு, உங்களுக்கு என்ன?”

வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். அதே மாதிரி சிவப்பு மூடி டியூபில் அவருடைய ரத்தமும் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கொசு கை கழுவப் போனாள். அவள் சோப்புப் போட்டுத் திரும்புவதற்குள் டிரைவர் தன் ஸ்டிக்கரையும் சீமாட்டியின் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் போட்ட டியூப் ஆஸ்பத்திரி லேபுக்கும், ஆடுகளின் டியூபுகள் ஆட்டு டாக்டருக்கும் போயின.

சாயங்காலம் ஆஸ்பத்திரி லேபிலிருந்து அவளுடைய பழைய தோழி கூப்பிட்டாள்.

“அக்கா, அண்ணன் முழிச்சிருக்காரா?”

“பாட்டுப் பாடிட்டிருக்காரு.”

“சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கா! மயங்கி விழுந்திருக்கணுமே. உடனே இனிப்பு ஏதாவது குடுங்க. கொலஸ்ட்ராலும் ரொம்பக் கம்மியா இருக்கு. அண்ணன் புல்லைத் தவிர எதையும் தொடறதில்லையா?”

கொசு ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தாள். சீமாட்டி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆமா. புல்லுதான்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

டிரைவர் அதற்குள் கேக் டப்பாவோடு வந்துவிட்டார். “கேட்டுச்சு, கேட்டுச்சு. இனிப்புக் குடுக்கச் சொல்றாங்கல்ல?”

கொசு அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தாள். “சொல்லுங்க டாக்டர்… சீமாட்டிக்கா? ஐயையோ! அவ்வளவு முத்திடுச்சா?”

கேக் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

“என்னவாம்?”

“சீமாட்டி டியூப்ல இருந்த ரத்தத்துல நோய் இருக்காம். முதல்ல மூட்டு போகுமாம். அப்புறம் நடையே போயிடுமாம். மருந்தே இல்லையாம், பாவம்.”

டிரைவரின் கை தானாக முழங்காலுக்குப் போனது. கிளச்சை மிதித்து மிதித்து வருடக்கணக்காக வலிக்கிற முழங்கால்.

“அது… மனுஷங்களுக்கு வருமா?”

“வரவே வராது. வந்தா உலகத்துலயே அவர்தான் முதல் ஆள். ஏன் கேக்கறீங்க?”

டிரைவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஸ்டிக்கரை மாத்திட்டேன்.”

“தெரியும். போன்ல யாருமே இல்ல.”

“அடிப்பாவி!”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஊசிக்கா பயம்?”

“ஊசி என்ன ஊசி. எங்க அண்ணனுக்குச் சர்க்கரைன்னு சொன்னாங்க, மறுவாரமே காலை எடுத்தாங்க. தெரியாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருக்கலாம்னு பாத்தேன்.”

“சொன்னதால எடுக்கல. சொல்லும்போதே கால் அழுகிப் போயிருந்துச்சு. அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே நான் கேட்டேன். அவர் கையை நீட்டவே இல்ல.”

டிரைவர் கேக்கை டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் காலை சீமாட்டிக்கும் அவருக்கும் மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. டியூப் நிறைவதை முகம் வெளிறப் பார்த்துக்கொண்டே இருந்தார். சீமாட்டிக்கு நோய் இல்லை, எங்கேயோ முட்டிக்கொண்ட வீக்கம்தான் என்று பின்னர் தெரிந்தது. டிரைவருக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கொசு எண்ணைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார். “மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”