கமா இல்லாத கணவர்

ஞானசெல்வி டீச்சருக்கு இங்கிலீஷ் இலக்கணமும் கணக்கும் ஒன்றுதான். சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. போடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. ஐம்பத்தாறாம் வருஷம், ஏலக்காய் வியாபாரி பெத்துராஜின் மனைவி புஷ்பலதா பத்தாம் வகுப்புக்கு மேல் படித்துத் தனியாகப் பரீட்சை எழுத ஆசைப்பட்டாள். பள்ளி விட்டதும் டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பெத்துராஜ் பெரும்பாலும் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருப்பார். அவருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் 'ஹூ' (who) பாடம்.

"'ஹூ'வுக்கு முன்னால கமா இல்லைன்னா, பல பேர்ல எந்த ஆளுன்னு பிரிச்சுக் காட்டுறோம். ஒரே ஆளுதான்னா கமா கட்டாயம் போடணும்" என்றார் டீச்சர்.

புஷ்பலதா சிலேட்டில் எழுதினாள். 'மை ஹஸ்பண்ட் ஹூ கம்ஸ் இன் த ரெயின் டஸ் நாட் ஈட்.' மழையில் வருகிற என் கணவர் சாப்பிடுவதில்லை.

"கமா எங்க? இப்படி எழுதினா உனக்கு இன்னொரு புருஷன் இருக்கார்னு ஆயிரும்."

"தெரிஞ்சுதான் எழுதினேன், டீச்சர்."

டீச்சர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஆடி மாசம் மேகம் இறங்கி, மெட்டுல இவரு ஜீப்பு ராப்பூரா நின்னு போச்சுல்ல, அதுல இருந்துதான். இவரு மலையில இருக்கும்போது அவரு வர்றாரு. சோறு போட்டா பாத்துக்கிட்டே இருப்பாரு. ஏலக்கா வாசனையே இருக்காது."

கொல்லைக் கதவு திறந்தது. பெத்துராஜ் உள்ளே வந்தார். வெளியே மழை கொட்டியது. சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. "சௌக்கியமா டீச்சர்?" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அதே குரல். டீச்சர் எழுந்து நின்று, "சௌக்கியம்" என்றார்.

அப்போது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. "புஷ்பம், துண்டு கொண்டா! வெரசா!"

டீச்சர் நாற்காலியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேரைச் சொல்லிராதீங்க, ரெண்டு பேரும் திரும்பிருவாங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, புஷ்பலதா துண்டோடு வாசலுக்கு ஓடினாள். நனைந்து நின்ற கணவரைப் படியிலேயே நிறுத்தித் தலை துவட்டினாள்.

உள்ளே இருந்தவர் சிலேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பலப்பத்தை எடுத்து, 'ஹூ'வுக்கு முன்னால் ஒரு கமா, 'ரெயினு'க்குப் பின்னால் ஒரு கமா, நிதானமாகப் போட்டார். இலக்கணப்படி துளியும் பிழையில்லை. புஷ்பலதாவுக்குக் கணவர் ஒருவர்தான். அந்த ஒருவர் மழையில் வருகிறவர்தான் என்றாகிவிட்டது.

வாசலில் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது.

டீச்சர் என்ன ஏதென்று யோசிக்கவில்லை. முந்தானையை எடுத்து அந்த வாக்கியத்தையே அழுத்தித் துடைத்தார். நாற்காலியில் இருந்தவர் டீச்சரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து கொல்லைப்புறமாக மழைக்குள் போனார்.

"யாரு, டீச்சரா? ஒரு நிமிசம் தலை கிறுகிறுன்னு சுத்திருச்சு" என்றபடி பெத்துராஜ் உள்ளே வந்தார். ஈரச் சட்டை, வீடெங்கும் ஏலக்காய் மணம். நேரே உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த பங்குனியில் புஷ்பலதா பரீட்சை எழுதித் தேறினாள். மிட்டாய் கொண்டுவந்தபோது டீச்சர் மெல்லக் கேட்டார்.

"இப்பவும் வர்றாரா?"

"இல்லை டீச்சர். அன்னைக்கோட சரி." அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். "இவரு வந்தா தூங்குவாரு, இல்லைன்னா கிளம்பிருவாரு. அவரு எங்கூட உக்காந்தாவது இருந்தாரு."