பயத்துக்கு எந்த லீவு?

ராத்திரி கதவடியில் சரக், சரக் என்று ஏதோ ஊர்கிற சத்தம் கேட்டால் மற்றவர்கள் பாம்பு என்று பயப்படுவார்கள். லீவு செக்ஷனில் வேலை பார்க்கிறவள் அது விண்ணப்பமாகவும் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். முந்தாநாள் அப்படி யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒண்டிக்கொண்டேன். அரிக்கேன் திரியைத் தூண்டிவிட்டுப் பார்த்தால், கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் முனியாண்டி அண்ணனின் குரல். "நாந்தான் கிளார்க்கம்மா. நம்ம வாச்சுமேன் மகளுக்குப் பரிசம் போடுறாக. கேட்ட நாளு கெடைக்குமா கெடைக்காதான்னு படிச்சுப் பாத்து வாயால சொல்லுங்க, போதும்."

நான் ராமநாதபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் லீவு கிளார்க். எந்த ஆபீஸ் என்று எழுதினால் ஹெட் கிளார்க் விளக்கம் கேட்பார். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறார். இங்கே நானும் ஏழு மாதக் குழந்தை அமலாவும்தான். பத்து நாளாக நானே லீவில் இருக்கிறேன். பிள்ளைக்கு அம்மை வரப்போகிறதா, இல்லையா என்று தெரியவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் இதை எழுதுகிறேன். லீவு கேட்டு மேசை முன்னால் கைகட்டி நின்றவர்களுக்கும், கேட்கப் பயந்து பாதி வழியில் திரும்பிப் போனவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

தபால் பதிவு பார்க்கும் பிரகாசம் எங்கள் தங்கச்சிமடத்துக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார், திங்கட்கிழமை காலை ரயிலில் வந்துவிடுவார். தலைமையிடத்தை விட்டு வெளியே போக எழுதி அனுமதி வாங்காமல் ஒரு நாளும் போனதில்லை. ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை காற்று ஏறிவிட்டது. பாம்பன் பாலத்தில் ரயிலை விடவில்லை. அவர் வந்து சேர்ந்தது வியாழக்கிழமை.

ஹெட் கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். காய்ச்சலுக்கு இருக்கிறது, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போக இருக்கிறது, காற்றுக்கு இல்லை. "அத்தாட்சி கொண்டாய்யா" என்றார். பிரகாசம் ஸ்டேஷனில் எழுதி வாங்கி வந்தார். அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ரயில் ஓடலைன்னுதானே எழுதியிருக்கு? வள்ளத்துல வந்திருக்கலாமே" என்றார் ஹெட் கிளார்க். பிரகாசம் பணிவாகத்தான் சொன்னார்: "அந்தக் காத்துல வள்ளம் எடுத்தா, நான் எடுக்கிற லீவுக்கு ஜாயினிங் ரிப்போர்ட்டே வராது சார்."

இரண்டில் ஒன்று

கீழக்கரை காசிம் பாய் எனக்கு அடுத்த மேசை. ரம்ஜானுக்கு சர்க்கார் விடுமுறை உண்டு. ஆனால் அது பட்டியலில் அச்சடித்த தேதிக்கு. பெருநாளோ பிறை தெரிந்தால்தான். ஒரு வருஷம் ஒருநாள் தள்ளிப் போகும் போலிருந்தது. மறுநாளுக்கும் லீவு வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். "என்னிக்குப் பண்டிகைன்னு உங்களுக்கே நிச்சயமா தெரியாதா?" என்று ஹெட் கிளார்க் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

பாய் கோபப்படவில்லை. உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் இரண்டு விண்ணப்பம் எழுதினார். ஒன்றில் விடுமுறை அன்றே பெருநாள் என்பதால் லீவு தேவையில்லை என்று இருந்தது. மற்றதில் மறுநாளுக்கு லீவு கேட்டிருந்தது. இரண்டையும் என் முன்னால் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "எதைக் கிழிக்கணும்னு ராவுக்கு வானத்தைப் பாத்துட்டுச் சொல்லியனுப்புறேன் தங்கச்சி."

காமாலை

சிக்கல் கிராமத்திலிருந்து வருகிற கருப்பையா மழை பெய்த மறுநாளே படுத்துவிட்டார். மஞ்சள் காமாலை, பூரண ஓய்வு தேவை என்று டாக்டர் சர்டிபிகேட் வந்தது. பதினைந்து நாள் கழித்து, முதுகு தோலுரிய, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணோடு வந்து நின்றார். ஆபீஸர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "காமாலை வந்தா ஆள் மஞ்சளாத்தானேம்மா ஆகணும், இவரு ஏன் கறுத்துப்போய் வந்திருக்காரு?"

அந்த விஷயம்

அந்த ஆபீஸில் வேலைக்கு வந்த முதல் பெண் நான். அதனால் பிரசவ லீவு கேட்ட முதல் ஆளும் நான்தான். ஹெட் கிளார்க் நல்லவர். ஆனால் 'பிரசவம்' என்ற சொல்லை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "அந்த விஷயத்துக்கு ரூல் இருக்கு, நான் பாத்தேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்னும் ஒட்டுப் பிரியாமல் இருந்தது. நானே பசை காய்ந்த திருத்தச் சீட்டுகளைக் கத்தியால் பிரித்து, எனக்குரிய விதியை நானே படித்து, எனக்குரிய குறிப்பை நானே எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

அவ்வளவு சரியாக எழுதியும் அமலா விதிப்படி நடக்கவில்லை. லீவு ஆரம்பிக்க ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டாள். செய்தி சொல்லப் போன முனியாண்டி அண்ணனிடம் ஹெட் கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாராம்: "லீவுக்கு முந்தியே பிள்ளை வந்துருச்சுன்னா, இந்த ஒன்பது நாளை நான் ரிஜிஸ்டர்ல எந்தக் காலத்துலய்யா எழுதுறது?"

ஒரு மணி நேரம்

இது சிரிக்கிற கதை இல்லை. போன மாதம் எங்கள் தெருவுக்கு, பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர் வந்தார். பத்தரைக்கு வருவார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டால் போதும். ஊருக்கெல்லாம் லீவு எழுதுகிறவள், எனக்கென்று கேட்க அரை மணி நேரம் ஹெட் கிளார்க் மேசைக்கும் என் மேசைக்கும் நடந்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு நல்ல இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து கேட்க அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் கேட்டேன். அன்று மாத அறிக்கை போகிற நாள். அவர் மறுக்கக்கூட இல்லை. அறிக்கையைக் காட்டினார், நான் 'சரி சார்' என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "குத்துறவரு அடுத்த மாசமும் வருவாரும்மா, அறிக்கை இன்னிக்குத்தான் போகணும்."

தண்ணி ஊத்துற அன்றைக்கு

முனியாண்டி அண்ணன் முகமெல்லாம் தழும்பு. சின்ன வயதில் அம்மை வந்து பிழைத்தவர். பதினொரு நாளைக்கு முன்னால் என் மேசைக்கு வந்து, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள் லீவு வேண்டும் என்றார். என்ன காரணம் எழுத என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "மகனுக்குத் தண்ணி ஊத்தணும்மா" என்றார். என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. அம்மை இறங்கிய பிறகுதான் வேப்பிலை போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படியானால் இத்தனை நாளும் வீட்டில் அம்மை. இத்தனை நாளும் இவர் அங்கிருந்து வந்து என் மேசையில் கோப்பு வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், நான் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அமலாவுக்குப் பால் கொடுத்தேன்.

இதற்கு விதி இருக்கிறது. வீட்டில் அம்மை இருந்தால் ஹெல்த் ஆபீஸர் சர்டிபிகேட்டின் பேரில் இருபத்தோரு நாள் வரை ஆபீஸ் பக்கமே வரக்கூடாது. அந்த நாட்கள் எந்த லீவிலும் கழியாது. அம்மை போட்ட வீட்டுக்காரர் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றுதான் அவர் தெருவிலும் கட்டுப்பாடு. சர்க்காரும் ஆத்தாவும் ஒரே உத்தரவைத்தான் போட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் என் மேசை மேல் இருந்தது. நான் ஒருவருக்கும் அதைப் படித்துச் சொன்னதில்லை. அவருக்கு கேஷுவல் லீவில் ஒரு நாள்தான் பாக்கி. அதைத் தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கென்று பத்திரமாக வைத்திருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா இருபத்தோரு நாள் கிடைச்சிருக்குமேண்ணே" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆபீசரு பூட்ஸு காலோட உள்ள வந்து, நோயின்னு எழுதிட்டுப் போவாருல்ல. வீடு தேடி வந்தவளைப் போ போன்னு வெரட்டுன மாதிரி ஆகாதா கிளார்க்கம்மா?"

பத்தாம் நாள்

மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குத்துகிறவர் அவள் கையில் குத்திவிட்டு, "இது முந்திக்கிட்டா நல்லது, அது முந்தியே உள்ள போயிருந்தா ஆண்டவன் விட்ட வழி" என்றார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரலாம், ஊசியாலும் வரலாம், அம்மையாலும் வரலாம், முத்து தெரிகிற வரைக்கும் சொல்ல முடியாது என்றார். கேஷுவல் லீவுக்கு எழுதி அனுப்பினேன். காரணம்: சொந்த வேலை. முனியாண்டி அண்ணன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் என் கையும் எழுதவில்லை.

அமலாவைப் பகலில் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு சவரியம்மா அக்காள். "பாப்பாவுக்குச் சளிக்கா, நானே வச்சுக்கிறேன்" என்று அவளிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் தெரு என்னைத் தள்ளி வைத்துவிடும், தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆள் வராது என்று பயம். எங்கள் தெருவில் ராத்திரிதான் தாழ்ப்பாள் போடுவோம். பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி தினமும் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அக்காளின் நான்கு பிள்ளைகளும் வழக்கம்போல ஓடி வந்து என் மடியில் ஏறினார்கள், பாப்பாவைக் கொஞ்சினார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கடைக்குட்டி செல்வி, நான்கு வயது, அமலாவின் கன்னத்தோடு கன்னம் வைத்து இழைந்தாள். பிறகு நிமிர்ந்து, "சித்தி, பாப்பா சுடுது" என்றாள்.

அவளைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். அழுதுகொண்டே போனாள். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது முனியாண்டி அண்ணன் மெமோவோடு வந்தார். விடுமுறை நாளோடு சேர்த்தும் பத்து நாளைக்கு மேல் கேஷுவல் லீவு கிடையாது, அது எனக்கே தெரியும். நாளைக் காலை ஆஜராக வேண்டும், இல்லையென்றால் வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று விளக்கம் எழுத வேண்டும். நான் தற்காலிகம், நீக்க ஒரு வரி போதும். வீட்டில் அம்மை என்று சர்டிபிகேட் இருந்தால் லீவு உண்டு. இருக்குமோ என்று பயந்தால் அதற்கு லீவு இல்லை.

கருப்பையாவின் டாக்டரிடம் ஆள் அனுப்பினால் எனக்கும் ஒரு காமாலை கிடைக்கும். அதையும் நினைத்தேன். பிறகு மெமோவின் பின்பக்கத்தில், தமிழிலேயே எழுதினேன்: 'என் பிள்ளைக்கு அம்மையாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. தெரிகிற வரைக்கும் நான் வெளியே வரமாட்டேன், ஒருவரும் உள்ளே வர வேண்டாம். எந்த லீவு பொருந்துமோ அதில் சேர்த்துக்கொள்ளவும். எதுவும் பொருந்தாவிட்டாலும் வரமாட்டேன்.'

"இதை ஹெட் கிளார்க் சார்கிட்ட குடுங்கண்ணே. போற வழியில ஹெல்த் இன்ஸ்பெக்டரை வரச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் உடனே குத்தணும்னு சொல்லுங்க."

அவர் காகிதத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "எங்கிட்டயிருந்தா தாயி?" என்றார். "என்னைய வையுங்கம்மா. நல்லா வையுங்க."

"நீங்க செஞ்சதைத்தான் பத்து நாளா நானும் செஞ்சேன்" என்றேன். "எனக்கு விதி வேற தெரியும்."

அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னவென்று கேட்க வந்த சவரியம்மா அக்காள் அவர் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். செல்வியின் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். "பத்து நாளா வாயைத் தொறக்கலையேடி, எம்பிள்ளைக நாலும் ஒம் மடியிலதானே கெடந்துச்சுக!"

அவளுக்கு என்ன பதில் எழுதுவதென்று எந்த விதியிலும் இல்லை என்பதால், தெருவே பார்க்கப் பட்டப்பகலில் கதவைச் சாத்தி, மூன்று வருஷ சர்வீசில் ஒருவர் சாங்ஷனும் இல்லாமல் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட முதல் லீவாக, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.